நீல ஹைட்ராஞ்சியா வளர்க்கணுமா? முதல்ல மண்ணைப் பாருங்க

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல்னு எந்த மலைக்கு மழைக்காலத்துல போனாலும் இந்தப் பூவைப் பாக்காம திரும்ப முடியாது. எஸ்டேட் பங்களா வேலி, சர்ச் வாசல், பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி இருக்கிற சரிவு, எங்க பார்த்தாலும் பெரிய பெரிய நீல உருண்டையா பூத்து நிக்கும். பார்த்ததும் நம்ம வீட்லயும் ஒண்ணு வேணும்னு தோணும், நர்சரில ஒரு தொட்டி வாங்கிட்டு வருவோம், முதல் வருஷம் நல்ல நீலமா இருக்கும், அடுத்த வருஷம் பார்த்தா ரோஸ் கலர்ல பூக்கும், இல்லனா நீலமும் இல்லாம ரோஸும் இல்லாம வெளிறிப்போன ஒரு கத்தரிப்பூ நிறத்துல வரும். உடனே நர்சரிக்காரர் ஏமாத்திட்டார்னு கோபம் வரும். அவர் ஏமாத்தல, அதே செடிதான். நிறத்தைக் கொடுக்கிறது அது நிக்கிற மண்ணு. இதைச் சரியா பிடிச்சுக்கிட்டா மத்த வேலை எல்லாம் சுலபம், அதனால அதைப் பத்திதான் இங்க நிறைய எழுதப் போறேன்.

இந்தச் செடிக்கு சொந்த ஊரு ஜப்பான், முழுப்பேரு ஹைட்ராஞ்சியா மேக்ரோஃபில்லா. அங்க ஜூன் மாச மழை சீசன்ல பூக்கும், நிறைய இடத்துல எரிமலைச் சாம்பல்ல உருவான அமில மண்ணுங்கிறதால பெரும்பாலும் நீலமாத்தான் பூக்கும். பூவுக்குள்ள இருக்கிற நிறமி ஒண்ணுதான், டெல்ஃபினிடின் வகையைச் சேர்ந்தது. அந்த நிறமியோட அலுமினியம் போய்ச் சேர்ந்தா நீலம், சேரலனா ரோஸ், அவ்வளவுதான் ரகசியம். அலுமினியம் அநேகமா எல்லா மண்ணுலயும் இருக்கு, ஆனா மண்ணோட பிஹெச் (அமிலமா காரமான்னு சொல்ற எண், 7க்குக் கீழ போகப் போக அமிலம் கூடும்) 5.5ஓ அதுக்குக் கீழயோ இருந்தாத்தான் அது தண்ணில கரைஞ்சு வேர் வழியா மேல ஏறும். பிஹெச் 6.5 பக்கம் போயிட்டா அலுமினியம் மண்ணோடயே கட்டிப்போய் கிடக்கும், வேரால எடுக்க முடியாது. நடுவுல இருக்கிற மண்ணுலதான் ஊதாவும் கலப்படமும் வருது. ஒரே புதர்ல ஒரு கிளை நீலமா இன்னொரு கிளை ரோஸா பூத்திருக்கிறதைப் பார்த்திருப்பீங்க, வேர் பரவின இடத்துல ஒரு பக்கம் மண்ணு வேற மாதிரி இருக்குன்னு அர்த்தம். புதுசா பூசின சிமெண்ட் சுவர், கான்கிரீட் நடைபாதை ஒட்டி வச்ச செடில இது ரொம்ப சகஜம், சிமெண்ட்ல இருந்து சுண்ணாம்பு மழையோட கரைஞ்சு கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால சுவர்ல இருந்து ஒரு மூணு அடியாவது தள்ளி வைங்க.

ஒரு பூக்கொத்தை கையில பிடிச்சு கிட்டக்க பார்த்தீங்கன்னா இன்னொண்ணு புரியும். நாம இதழ்னு நினைக்கிற அந்த நாலு நீலத் தகடும் உண்மையில புல்லி இதழ். நடுவுல குண்டூசித் தலை அளவுக்கு ஒரு மணி இருக்கே, அதுதான் நிஜப் பூ, பல கொத்துல அது திறக்கவே திறக்காம உதிர்ந்துடும், சிலதுல திறந்து பொடிப்பொடியா மகரந்தத் தாள் நீட்டிக்கிட்டு இருக்கும். கொத்து புதுசா வர்றப்போ எல்லாமே வெளிர் பச்சையாத்தான் இருக்கும், தகடு விரிய விரியத்தான் நிறம் ஏறும். நிறம் முடிவாகிறது அந்த ஏறுற காலத்துக்கு முன்னாடியே செடிக்குள்ள எவ்வளவு அலுமினியம் போயிருக்குங்கிறதை வச்சு. பூ முழுசா விரிஞ்ச பிறகு நீங்க என்ன ஊத்தினாலும் அந்தப் பூ மாறாது, அடுத்த பூவுக்குத்தான் பலன். பூத்து ரோஸா இருக்கேன்னு பதறிப்போய் மருந்தை அள்ளிக் கொட்டுறவங்க இதை ஞாபகம் வச்சுக்கங்க.

வாங்குறப்போ ரகத்தைப் பார்த்து வாங்குங்க. பந்து மாதிரி நிறைஞ்சு இருக்கிறது ஒரு வகை, நடுவுல பொடிப் பூவும் சுத்தி ஓரத்துல மட்டும் பெரிய தகடும் இருக்கிறது இன்னொரு வகை, ரெண்டுமே மேக்ரோஃபில்லாதான், ரெண்டுமே நீலமாகும். நிக்கோ ப்ளூனு ஒரு பழைய ரகம் இருக்கு, நீலத்துக்குப் பேர் போனது. எண்ட்லெஸ் சம்மர் 2004ல மார்க்கெட்டுக்கு வந்த ரகம், பழைய கிளை புதுக்கிளை ரெண்டுலயும் பூக்கும். வெள்ளை ஹைட்ராஞ்சியா வாங்கி நீலமாக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, அதுல அந்த நிறமியே இல்ல, எந்த மண்ணுல வச்சாலும் வெள்ளைதான், வயசானா கொஞ்சம் பச்சையோ ரோஸோ அடிக்கும். பானிக்குலாட்டா, அன்னபெல் மாதிரி வேற வகை ஹைட்ராஞ்சியாவும் நீலமாகாது. மலையில பக்கத்து வீட்லயோ சொந்தக்காரங்க வீட்லயோ நல்லா அடர் நீலமா பூக்கிற புதர் இருந்தா அதுல இருந்து ஒரு குச்சி வாங்குறதுதான் என்னைக் கேட்டா பெஸ்ட், அந்த ஊர்க் குளிருக்கும் மழைக்கும் பழகின செடி அது.

இப்ப கீழ சமவெளியில இருக்கிறவங்களுக்கு நேரா ஒரு விஷயம் சொல்லிடறேன். சென்னை, மதுரை, திருச்சி வெயில்ல இது நிரந்தரத் தோட்டச் செடியா வராது. பூ மொட்டு உருவாகவே தொடர்ந்து சில வாரம் 18 டிகிரிக்குக் கீழ குளிர் வேணும், அது கிடைக்கலனா வெறும் இலையா நிக்கும். அதோட போர் தண்ணி. வெந்நீர் வைக்கிற பாத்திரத்துல வெள்ளையா படியுதே, அந்த உப்பும் சுண்ணாம்பும் ஒவ்வொரு தடவை ஊத்துறப்பவும் மண்ணோட பிஹெச்சை மேல தூக்கிக்கிட்டே இருக்கும், நீலம் நிக்காது. பெங்களூர், ஏற்காடு, வால்பாறை, மூணாறு, இலங்கையில நுவரெலியா பக்கம் இருக்கிறவங்க தைரியமா வைக்கலாம், பெங்களூர்ல மட்டும் நிழல் கொஞ்சம் கூடுதலா வேணும். சென்னையில ஆசைக்கு ஒரு தொட்டி வாங்கினா, பூ இருக்கிற வரைக்கும் வெளிச்சமான ஜன்னல் ஓரம் வச்சு ரசிங்க, ஏசில இருந்து சொட்டுற தண்ணியைப் பிடிச்சு ஊத்துங்க, அதுல சுண்ணாம்பு இருக்காது.

இடம். காலை வெயில் ஒரு மூணு நாலு மணி நேரம், மதியத்துக்கு மேல நிழல், இதான் கணக்கு. வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் அருமையான இடம். முழு நிழல்ல வச்சா இலை தளதளனு இருக்கும், பூ வராது, முழு வெயில்ல வச்சா ஏப்ரல்ல தகடு ஓரம் கருகும். சில்வர் ஓக் மரத்தோட லேசான நிழல் இதுக்கு நல்லா ஒத்துப்போகும், ஆனா கற்பூர மரத்துக்கு (யூகலிப்டஸ்) அடியில வைக்காதீங்க, மேல்மண்ணுல இருக்கிற ஈரத்தை எல்லாம் அது உறிஞ்சிடும், ஹைட்ராஞ்சியா வேர் ஆழமா போகாது, போட்டி போட முடியாம சோர்ந்து நிக்கும். பள்ளமான இடம் வேண்டாம், மழைல தண்ணி தேங்கினா வேர் அழுகும், ஊட்டி மாதிரி இடத்துல பள்ளத்துலதான் உறைபனியும் முதல்ல படியும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ராத்திரி காட்டு மாடு தோட்டத்துக்குள்ள நடந்து போறது சாதாரணம், அது போற வழியில வச்சா கிளை ஒடியும், கொஞ்சம் பார்த்து உள்ளே தள்ளி வைங்க. ஒரு செடி நல்லா வளர்ந்தா நாலஞ்சு அடி அகலம் எடுக்கும், ரெண்டு செடிக்கு நடுவுல அந்த இடைவெளி விடுங்க.

நடுறதுக்கு ஜூன் மாசம், மழை பிடிச்ச உடனே, அருமையான நேரம். குழி ரெண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம் போதும். எடுத்த மண்ணோட நல்லா மக்கின மாட்டுச்சாண உரமோ இலை மக்கோ மூணுல ஒரு பங்கு கலந்துக்கங்க. தொட்டியில இருந்த அதே மட்டத்துக்கு நடுங்க, தண்டை மண்ணுக்குள்ள புதைக்காதீங்க. மேல ரெண்டு மூணு அங்குலம் மூடாக்கு கண்டிப்பா போடுங்க, காஞ்ச இலை, பைன் மர ஊசி இலை, மரப்பட்டைத் துண்டு எது கிடைச்சாலும் சரி, தண்டு கிட்ட மட்டும் ஒரு சாண் விட்டுட்டு. பைன் ஊசி போட்டா மண்ணு அமிலமாகிடும்னு சொல்வாங்க, அது ரொம்ப ரொம்ப மெதுவா, கொஞ்சமாத்தான் நடக்கும், ஈரம் காக்கத்தான் அது உதவும்.

தொட்டியில வைக்கிறவங்க 14 அங்குலத்துக்குக் குறையாம எடுங்க. செம்மண் ஒரு பங்கு, நல்லா கழுவின கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) ஒரு பங்கு, மக்கின உரம் ஒரு பங்கு, கூடவே கொஞ்சம் மணல். நீலத்தைப் பொறுத்தவரைக்கும் தொட்டியில ஒரு வசதி இருக்கு, மண்ணு உங்க கைக்குள்ள அடங்கின அளவு, பிஹெச்சை மாத்துறது சுலபம்.

அடுத்தது மண்ணை டெஸ்ட் பண்றது, தயவுசெஞ்சு இதைத் தாண்டிப் போயிடாதீங்க. வேளாண்மைத்துறையோட மண் பரிசோதனை நிலையத்துல கொடுத்தா ரொம்பக் குறைஞ்ச செலவுல பிஹெச் சொல்லிடுவாங்க. செடி வைக்கப்போற இடத்துல நாலஞ்சு எடத்துல அரையடி ஆழத்துல இருந்து மண் எடுத்து, கலந்து, நிழல்ல உலர்த்தி, அரைக் கிலோ கொண்டு போங்க. அதுக்கு வழியில்லனா ஆன்லைன்ல கிடைக்கிற பிஹெச் பேப்பர் வாங்கி, மழைத்தண்ணி இல்லனா பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர்ல மண்ணைக் கலக்கித் தெளிய வச்சு நனைச்சுப் பாருங்க, குழாய்த் தண்ணில பார்த்தா தண்ணியோட பிஹெச்தான் காட்டும். இன்னும் எளிமையா, காஞ்ச மண்ணுல கொஞ்சம் வினிகர் ஊத்துங்க, நுரை பொங்கினா அதுல சுண்ணாம்பு நிறைய இருக்குன்னு அர்த்தம், அந்த இடத்துல நேரா நட்டு நீலம் எடுக்கப் போராட வேண்டாம், தொட்டிக்குப் போயிடுங்க.

நீலகிரில தேயிலை இருக்கிற நிலம் எல்லாம் பெரும்பாலும் பிஹெச் 4.5ல இருந்து 5.5க்குள்ள இருக்கிற அமில மண்ணு, செம்மண்ணுல அலுமினியமும் தாராளம். அதனால அங்க ரோட்டோரத்துல யாரும் ஒண்ணுமே போடாத புதர் அடர் நீலமா பூக்குது. அதே ஊர்ல வீட்டுக்குள்ள செல்லமா வளர்த்த செடி ரோஸா நிக்கும். ஏன்னா நாம ஆசை ஆசையா போடறது பாதிக்கு மேல நீலத்துக்கு எதிரி. விறகடுப்புச் சாம்பல் முதல் எதிரி, அது காரத்தன்மை உள்ளது, ரெண்டு மூணு தடவை போட்டாலே பிஹெச் ஏறிடும். முட்டை ஓடு சுத்தமான சுண்ணாம்புதான். எலும்புத்தூள்ல சுண்ணாம்பும் இருக்கு பாஸ்பரஸும் இருக்கு, பாஸ்பரஸ் மண்ணுல அலுமினியத்தைப் பிடிச்சுக் கட்டி வச்சுடும், வேருக்குக் கிடைக்காது. டிஏபி, சூப்பர் பாஸ்பேட், கடையில ரோஜாவுக்குன்னு விக்கிற மிக்ஸ், 17:17:17 காம்ப்ளெக்ஸ் உரம், இதுல எல்லாம் பாஸ்பரஸ் கூடுதல், இந்தச் செடிக்கு வேண்டாம். மலைக்காய்கறி போடறவங்க மண்ணோட அமிலத்தைக் குறைக்க டோலமைட் சுண்ணாம்பு போடறது வழக்கம், கேரட், முட்டைகோஸ் பாத்தி மேல இருந்து தண்ணி இறங்கி வர்ற இடத்துல உங்க ஹைட்ராஞ்சியா இருந்தா அது ரோஸாகிறதுக்கு வேற காரணமே தேட வேண்டாம். மலையில இருக்கிறவங்க பலருக்கு நீலம் வர புதுசா எதுவும் வாங்கத் தேவையில்ல, இதையெல்லாம் நிறுத்தினாலே ஒண்ணு ரெண்டு சீசன்ல நிறம் திரும்பும்.

அப்படியும் வரல, டெஸ்ட்ல பிஹெச் 6 கிட்ட இருக்குன்னா அப்ப அலுமினியம் கொடுக்கலாம். அலுமினியம் சல்பேட் கிடைச்சா 4 லிட்டர் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன். கிடைக்கலனா நாட்டு மருந்துக் கடையில விக்கிற படிகாரம், சீனக்காரம்னும் சொல்வாங்களே அதே. அதுல அலுமினியம் கொஞ்சம் கம்மி, ஆனா பொட்டாசியம் சேர்ந்தே வருது, அது நீலத்துக்கு நல்லதுதான். கட்டியை இடிச்சுப் பொடியாக்கி, முதல்ல ஒரு டம்ளர் சுடுதண்ணில முழுசா கரைச்சுட்டு, ஆறின பிறகு 4 லிட்டருக்கு நிரப்பிக்கங்க. ஊத்துறதுக்கு முன்னாடி வெறும் தண்ணி ஊத்தி மண்ணை ஈரமாக்கிடணும், காஞ்ச மண்ணுல நேரா ஊத்தினா வேர் வெந்துடும். இலை மேல படாம, தண்டுல இருந்து ஒரு சாண் தள்ளி, இலைக்குடை முடியற இடம் வரைக்கும் சுத்தி ஊத்துங்க. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்னு மாசம் ஒரு தடவை, மூணு தடவை போதும், மொட்டு நிறம் ஏறுறதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும். ரெண்டு வயசு ஆகாத சின்னச் செடிக்கு இதைக் கொடுக்காதீங்க. சீக்கிரம் நீலமாகட்டும்னு டோஸைக் கூட்டவும் கூட்டாதீங்க, இலை ஓரம் பழுப்பாகி சுருளும், அப்புறம் அந்த உப்பை மண்ணுல இருந்து வெளிய எடுக்கிறது பெரிய பாடு.

படிகாரம் வேகமா வேலை செய்யும், ஆனா பிஹெச்சை நிலையா இறக்கணும்னா கந்தகத்தூள் நல்லது. ஒரு சதுர மீட்டருக்கு 50 கிராம்ல ஆரம்பிங்க, மேல்மண்ணுல கிளறி விட்டுடுங்க. மண்ணுல இருக்கிற பாக்டீரியா அதை அமிலமா மாத்தணும், அதுக்கு ஈரமும் வெதுவெதுப்பும் வேணும், சில மாசம் ஆகும். அதனால இந்த வருஷம் போட்டு அடுத்த வருஷ பூவுல எதிர்பாருங்க.

காபித்தூள் சக்கை போடலாமான்னு எல்லாரும் கேக்குறாங்க. டிகாஷன் இறங்கின பிறகு மிஞ்சுற சக்கையில அமிலம் பெருசா இருக்காது, மக்க வச்சு உரமா போடுங்க, நீலத்துக்குன்னு நம்ப வேண்டாம். துரு ஆணி புதைச்சா நீலமாகும்னு ஒரு பழைய நம்பிக்கை இருக்கு, ஆணி இரும்பு, இங்க வேணும்கிறது அலுமினியம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. 4 லிட்டர் தண்ணிக்கு ஒரு ஸ்பூன் வினிகர் கலந்து ஊத்துறது தொட்டிச் செடில கொஞ்ச நாளைக்கு உதவும், நிலத்துல அது நிக்காது.

உரம் பத்தி ரெண்டு வரி. மக்கின சாண உரம் வருஷத்துக்கு ரெண்டு தடவை, ரெண்டு மூணு கைப்பிடி. ரசாயன உரம் போடறவங்க அமோனியம் சல்பேட் ஒரு டேபிள்ஸ்பூன், சல்பேட் ஆஃப் பொட்டாஷ் ஒரு டேபிள்ஸ்பூன், வளர்ந்த செடிக்கு மார்ச்ல ஒரு தடவை ஜூன்ல ஒரு தடவை. அமோனியம் சல்பேட் தானே மண்ணைக் கொஞ்சம் அமிலமாக்கும். செப்டம்பருக்கு மேல எதுவும் வேண்டாம், பனிக்கு முன்னாடி புதுசா இளசா தளிர் விட்டா அது கருகத்தான் போகும். யூரியாவை அள்ளிப் போட்டா இலை வரும், பூ வராது.

தண்ணி விஷயத்துல ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும். மதியம் வெயில் ஏறினா இலை எல்லாம் தொங்கிப்போய் செடி செத்துட்ட மாதிரி நிக்கும். இலை ரொம்ப அகலம், வேர் இழுக்கிற வேகத்தை விட இலை வழியா ஆவியாகிற வேகம் கூடிப்போறதால அப்படி. உடனே குடத்தைத் தூக்காதீங்க. விரலை ரெண்டு அங்குலம் மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க, ஈரம் இருந்தா விட்டுடுங்க, சாயங்காலம் தானா நிமிர்ந்துடும். காலையிலயும் தொங்கியே இருந்தா அப்ப நிஜமாவே தாகம். ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் மலையிலயும் வறட்சிக் காலம்தான், வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை நல்லா ஆழமா இறங்குற மாதிரி ஊத்துங்க, தினமும் கொஞ்சம் கொஞ்சமா தெளிக்கிறது பிரயோஜனம் இல்ல. முடிஞ்சா மழைத்தண்ணியை ஒரு டிரம்ல பிடிச்சு வச்சு இதுக்குன்னு ஒதுக்குங்க, நீலத்துக்கு அதை விட நல்ல தண்ணி கிடையாது.

இப்ப கவாத்து. பூவே வரலனு சொல்றவங்க வீட்ல நான் முதல்ல கேக்குற கேள்வி எப்ப வெட்டினீங்கங்கிறதுதான், பத்துல எட்டு பேரு ரோஜாவுக்கு வெட்டுறப்போ இதையும் சேர்த்து டிசம்பர், ஜனவரில மட்டமா வெட்டியிருப்பாங்க. மேக்ரோஃபில்லா போன வருஷக் கிளையில பூக்கிற செடி. பூத்து முடிஞ்சு, மழை குறைஞ்சு, குளிர் ஆரம்பிக்கிற செப்டம்பர், அக்டோபர்லயே அடுத்த வருஷத்துக்கான பூ மொட்டு கிளை நுனில உருவாகிடும், வெளிய தெரியாது. அதுக்கப்புறம் நுனியை வெட்டினா அடுத்த வருஷப் பூவையே வெட்டி எறிஞ்ச மாதிரி. உருவத்துக்காக வெட்டணும்னா பூ வாடின உடனே, ஆகஸ்ட் கடைசிக்குள்ள முடிச்சுடுங்க.

காஞ்ச பூவை மட்டும் எடுக்கணும்னா பிப்ரவரி கடைசில எடுக்கலாம், அதுவரைக்கும் அந்தக் காஞ்ச தலை கீழ இருக்கிற மொட்டுக்கு பனில இருந்து கொஞ்சம் மறைவு கொடுக்கும். எடுக்கிறப்போ கிளையை கையில பிடிச்சு பூவுல இருந்து கீழ்நோக்கி பார்த்துக்கிட்டே வாங்க. கணுவுக்கு ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா மொட்டு இருக்கும். மேல இருக்கிறது ஒல்லியா, காஞ்சு, கறுத்துக்கூட இருக்கலாம், நகத்தால சுரண்டினா உள்ள பழுப்பு. அதைத் தாண்டி கீழ வந்தா குண்டா, கூரா, பச்சையும் மெரூனும் கலந்து ஒரு ஜோடி வரும். தொட்டாலே கெட்டியா இருக்கும். அதுக்கு அரை அங்குலம் மேல வெட்டுங்க. அதுக்குக் கீழ கத்திரி போகவே கூடாது.

செடிக்கு நாலு வயசு தாண்டின பிறகு வருஷா வருஷம் ரொம்ப முத்தின, பட்டை உரியற கிளையா பார்த்து நாலுல ஒரு பங்கை தரையோட ஒட்டி எடுத்துடுங்க, அடியில இருந்து புதுக் கிளை வரும், புதர் கிழடு தட்டாது. ரொம்ப வருஷமா கவனிக்காம காடா கிடக்கிற புதரா இருந்தா மொத்தத்தையும் மட்டமா வெட்டலாம், பிழைச்சுக்கும், ஆனா ஒரு வருஷப் பூ போயிடும்னு தெரிஞ்சே பண்ணுங்க. எண்ட்லெஸ் சம்மர் மாதிரி ரகம் தப்பான நேரத்துல வெட்டினாலும் புதுக் கிளையில கொஞ்சம் பூத்துக் காப்பாத்திடும்.

உறைபனி விழுற ஊர்க்காரங்களுக்கு மட்டும் இது. ஊட்டில தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் பக்கம் எல்லாம் டிசம்பர், ஜனவரி காலையில புல்லு வெள்ளையா இருக்கும். அந்தப் பனி பூ மொட்டைக் கருக்கிடும், செடி சாகாது, ஆனா அந்த வருஷம் பூ இருக்காது. சாயங்காலமே பழைய காட்டன் துணியோ சாக்கோ போட்டு மூடிட்டு, வெயில் வந்ததும் எடுத்துடுங்க, பிளாஸ்டிக் ஷீட் நேரா இலை மேல படுற மாதிரி போடாதீங்க, பட்ட இடம் கருகும். ஊட்டி தாவரவியல் பூங்காவுல பனிக்காலத்துல பூச்செடிகளை மிலார் செடி வச்சு மறைச்சு வச்சிருப்பாங்க, அதே மாதிரி காஞ்ச இலைதழையோட கிளைகளை சுத்தி நட்டு வச்சாலும் நல்லா வேலை செய்யும். ராத்திரி மண்ணு ஈரமா இருக்கிறது நல்லது, ஈர மண்ணு வெப்பத்தைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கும்.

ஒரு செடில இருந்து பத்து செடி ஆக்குறது இதுல ரொம்ப சுலபம். ஜூன், ஜூலைல பூக்காத கிளையா பார்த்து, பாதி முத்தின தண்டுல, 5 அங்குல நீளத்துக்கு ஒரு கணுவுக்கு சரியா கீழ வெட்டி எடுங்க. அடி இலை எல்லாம் கிள்ளிட்டு மேல ஒரு ஜோடி மட்டும் விடுங்க, அந்த இலையையும் கத்தரியால குறுக்க பாதியா வெட்டிடுங்க, இல்லனா வேர் வர்றதுக்குள்ள அது தண்ணியை இழந்து வாடிடும். மணலும் கோகோபீட்டும் சமமா கலந்து, பிழிஞ்ச ஸ்பாஞ்ச் மாதிரி ஈரத்துல வச்சு, ஒரு கணுவாவது உள்ள போற மாதிரி சொருகுங்க. அடி வெட்டின தண்ணி பாட்டிலைக் கவுத்து மூடி நிழல்ல வைங்க, ரெண்டு நாளைக்கு ஒருக்க திறந்து காத்து விடுங்க. மூணு நாலு வாரத்துல மெதுவா இழுத்துப் பார்த்தா பிடிப்பு தெரியும். குச்சி கிடைக்கலனா பதியம் போடுங்க, தரையோட படிஞ்சிருக்கிற ஒரு கிளையை லேசா சுரண்டி மண்ணுக்குள்ள அழுத்தி மேல ஒரு கல்லை வச்சுட்டா போதும், மழை முடியறப்போ வேரோட வெட்டி எடுத்துக்கலாம்.

நோய்னு பெருசா பயப்பட ஒண்ணும் இல்ல. தொடர் மழைல இலையில பழுப்புப் புள்ளி வரும், பூவுல சாம்பல் நிறப் பூசணம் பிடிக்கும், புள்ளி விழுந்த இலையையும் அழுகின பூவையும் எடுத்து தோட்டத்துக்கு வெளிய போட்டுடுங்க, கிளை நெருக்கத்தைக் குறைச்சு காத்து போக விடுங்க, தண்ணியை இலை மேல ஊத்தாதீங்க. வெள்ளையா மாவு பூசின மாதிரி வந்தா நனையற கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம். அசுவினி, சிலந்திப்பேனுக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து சாயங்காலம் இலைக்கு அடிப்பக்கம் படுற மாதிரி அடிங்க. கந்தகத்துக்கும் வேப்பெண்ணெய்க்கும் நடுவுல ரெண்டு வாரமாவது இடைவெளி விடுங்க, இல்லனா இலை கருகிடும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா அது நோய் இல்ல, மண்ணுல பிஹெச் ஏறி இரும்புச்சத்து கிடைக்கல, அந்தச் செடி அடுத்து ரோஸாத்தான் பூக்கப் போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கலாம்.

வீட்ல குழந்தைங்க, நாய், ஆடு மாடு இருந்தா ஒண்ணு கவனம். இலை, மொட்டு, பூ எல்லாத்துலயும் விஷத்தன்மை இருக்கு, தின்னா வாந்தி, வயித்துப்போக்கு வரும். வெட்டின கிளையை மாட்டுத் தொட்டில போட்டுடாதீங்க.

பூவைப் பறிச்சு வீட்டுக்குள்ள வைக்கணும்னா காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, கொத்து முழுசா விரிஞ்சு தகடு தொட்டா கொஞ்சம் தடிமனா இருக்கிறப்போ வெட்டுங்க, இளசா வெட்டினா ஒரு மணி நேரத்துல தொங்கிடும். தண்டைச் சாய்வா வெட்டி, வெட்டின முனையைப் படிகாரப் பொடில ஒரு தடவை தொட்டு எடுத்து தண்ணில வைங்க, பூ அலங்காரம் பண்றவங்க செய்யறது இது. அப்படியும் வாடினா கொத்தை மொத்தமா ஒரு பக்கெட் குளிர்ந்த தண்ணில முக்கி அரை மணி நேரம் விடுங்க, தகடு வழியாவே தண்ணி குடிச்சு நிமிர்ந்துடும். காய வச்சு வைக்க ஆசைப்பட்டா ஆகஸ்ட் வரைக்கும் செடிலயே விட்டு, தகடு காகிதம் மாதிரி சரசரக்க ஆரம்பிச்ச பிறகு வெட்டி, ஜாடில ஒரு அங்குலம் மட்டும் தண்ணி விட்டு வெயில் படாத இடத்துல வச்சுடுங்க, தண்ணி வத்த வத்த பூவும் உலர்ந்துடும், நீலமும் ரொம்ப மங்காது.